கரியமில வாயுவைப் பிடித்துப் புதைக்கும் செலவு: எங்கே கை வைத்தால் குறையும்?

ஆலைகள் விடும் கரியமில வாயுவைக் காற்றில் போகவிடாமல் பிடிக்க டன்னுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் 15 டாலர் என்றும் சொல்லலாம், 120 டாலர் என்றும் சொல்லலாம். இரண்டுமே பன்னாட்டு எரிசக்தி முகமை 2021இல் கொடுத்த கணக்குதான். எத்தனால் ஆலை, இயற்கை எரிவாயுச் சுத்திகரிப்பு போன்ற இடங்களில் 15 முதல் 25 டாலர் வரை. சிமெண்ட் ஆலை, மின் நிலையம் என்றால் 40 முதல் 120 வரை. பிடித்ததைத் தரைவழிக் குழாயில் கொண்டுபோக அமெரிக்காவில் 2 முதல் 14 டாலர் ஆகும் என்கிறது அதே கணக்கு. அங்கே தரைக்கடியில் இருக்கும் சேமிப்பு இடத்தில் பாதிக்கு மேல் 10 டாலருக்குள் கிடைக்குமாம்.

இதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: பிடிப்பதில்தான் பணம் போகிறது, ஆகவே பிடிக்கும் ரசாயனத்தை மலிவாக்கு. ஆராய்ச்சிப் பணமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு அரசோ பெரிய நிறுவனமோ கையில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு "இதை எதில் போட்டால் டன் விலை அதிகமாக இறங்கும்?" என்று கேட்டால், வாயுவைத் தரைக்கடியில் இறக்கும் கிணற்றிலும் அதற்குக் கொண்டுபோகும் குழாயிலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ரசாயனம் கடைசியில் வரட்டும். இதுவரை கட்டி ஓட்டிப் பார்த்த ஆலைகளே அதற்குச் சாட்சி.

ரசாயனத்தை மேம்படுத்தும் வழி

புகைபோக்கியில் பிடிக்கும் முறை பழையது. புகையை உயரமான கோபுரம் ஒன்றின் அடியில் விடுவார்கள். மேலிருந்து அமீன் என்ற ரசாயனம் கலந்த கரைசல் வழிந்து இறங்கும்போது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கரைசலை அடுத்த கோபுரத்துக்குக் கொண்டுபோய் 120 டிகிரி வாக்கில் சூடாக்கினால் வாயு பிரிந்து வெளியே வரும், கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும். ஓட்டும் செலவில் பெரும்பங்கு அந்தச் சூட்டில்தான். பழைய வகை அமீனுக்கு டன்னுக்கு சுமார் 3.5 ஜிகாஜூல் வெப்பம் வேண்டும்.

500 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 450 டன் கரியமில வாயுவை விடும். அதில் 90 சதவீதத்தைப் பிடிக்க 400 மெகாவாட் அளவுக்கு வெப்பம் வேண்டும். விசையாழியை ஓட்ட வேண்டிய நீராவியைத் திருப்பித்தான் அதைக் கொடுக்க முடியும். பிறகு பிடித்த வாயுவை 100 பார் அழுத்தத்துக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கு) மேல் அமுக்க வேறு மின்சாரம். இரண்டையும் கூட்டினால் நிலையத்தின் உற்பத்தியில் கால் பங்குக்குக் கிட்டத்தட்டப் போய்விடும். புதிய கரைசல்கள் இந்த வெப்பத்தை 2.5 ஜிகாஜூல் பக்கம் இறக்கியிருக்கின்றன. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் விலை இறங்கிய கதையைப் பார்த்தால் ரசாயனத்தின் பங்கு அதில் கொஞ்சம்தான். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பவுண்டரி டேம் நிலையத்தின் மூன்றாம் அலகு 2014 அக்டோபரில் பிடிக்கத் தொடங்கியது. நிலக்கரி மின் நிலையத்தில் வணிக அளவில் அதுதான் முதல். பிடிப்பு விலை டன்னுக்கு 110 டாலரைத் தாண்டியது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று வடிவமைத்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் அந்த எண்ணை எட்டவே முடியவில்லை. புகையோடு வந்த நுண்சாம்பல் அமீனைக் கெடுத்தது, வெப்பப் பரிமாற்றிகளில் போய் அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்ய ஆலையை நிறுத்த வேண்டும். மாற்று உபகரணம் பக்கத்தில் இல்லை என்றால் மொத்தமும் நிற்கும்.

2017இல் டெக்சாஸில் நிலக்கரிப் புகையிலிருந்து பிடிக்கும் பெட்ரா நோவா ஆலை வந்தது. வேறு நிறுவனத்தின் கரைசல், பெரிய அளவு, 65 டாலர் பக்கம். பவுண்டரி டேமில் கற்ற பாடங்களை வைத்து, அதே மாகாணத்தில் ஷாண்ட் நிலையத்துக்கு 2018இல் ஓர் ஆய்வு செய்தார்கள்: 45 டாலரில் முடியும், டன் அளவுக்கான மூலதனச் செலவு 67 சதவீதம் குறையும் என்றது அது. அந்த ஆய்வு சொன்ன காரணங்கள் பெரிய அளவில் கட்டுவது, பகுதிகளைத் தொழிற்கூடத்திலேயே செய்து கொண்டுவந்து பொருத்துவது, நீராவியை எங்கிருந்து எடுப்பது என்பதைச் சரியாகத் திட்டமிடுவது போன்றவை. புது மூலக்கூறு எதுவும் அதில் கதாநாயகன் இல்லை. இரண்டாவது, மூன்றாவது ஆலையைக் கட்டினால் தானாக வரும் குறைப்பு அது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் நான் சொல்வது புரியும். 60 கோடி டாலரில் ஒரு பிடிப்பு ஆலை, ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறன், 20 ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 5 சதவீதம், ஆலை முழுத் திறனில் ஓடுகிறது என்றால் முதலுக்கும் வட்டிக்கும் சேர்த்து ஒரு டன்னின் தலையில் விழுவது 48 டாலர். வட்டி 12 சதவீதம் என்றால் அதே டன்னுக்கு 80 டாலர். வட்டி 5 சதவீதமாகவே இருந்து ஆலை 60 சதவீதம்தான் ஓடினாலும் அதே 80. இரண்டும் சேர்ந்து கெட்டால் 134. இனி ரசாயனத்துக்கு வருவோம். ஒரு ஜிகாஜூல் நீராவி 5 டாலர் என்று கொண்டால், கரைசலை 3.5இலிருந்து 2.5க்கு இறக்கியதில் மிச்சமாவது டன்னுக்கு 5 டாலர்.

ஆலை நின்று நின்று ஓடுவதும், கடன் கொடுப்பவர் பயந்து வட்டியை ஏற்றுவதும்தான் பெரிய திருடர்கள். இந்த இரண்டையும் குறைக்கும் வழி எதுவோ அதைத்தான் இனி தேட வேண்டும்.

அடர்த்தியான வாயு இருக்கும் இடத்தில் தொடங்குவது

நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம். எரிவாயு விசையாழிப் புகையில் 3, 4 சதவீதம்தான். எத்தனால் நொதிகலனில் இருந்து வருவதோ கிட்டத்தட்ட சுத்தமான வாயு. அதற்குக் கோபுரமும் வேண்டாம், அமீனும் வேண்டாம். ஈரத்தை எடுத்துவிட்டு அமுக்கினால் போதும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் டிகேட்டர் என்ற ஊரில் மக்காச்சோள எத்தனால் ஆலையிலிருந்து இப்படி எடுத்து, சுமார் 2,100 மீட்டர் ஆழத்தில் மவுண்ட் சைமன் மணற்பாறையில் 2011 முதல் மூன்று ஆண்டுகளில் 10 லட்சம் டன் இறக்கினார்கள்.

நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயல் இன்னும் பழையது. அங்கே கடலடியிலிருந்து வரும் எரிவாயுவில் 9 சதவீதம் கரியமில வாயு, 2.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவராமல் விற்க முடியாது. எனவே பிரிக்கும் செலவு எப்படியும் உண்டு. பிரித்ததைக் காற்றில் விட்டிருப்பார்கள், 1991இல் நார்வே அரசு கார்பன் வரி போடாமல் இருந்திருந்தால். வரியைக் கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கணக்குப் பார்த்து 1996இல் தொடங்கினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் கீழே போனது. கூடுதல் செலவு அமுக்கும் இயந்திரமும் ஒரு கிணறும்தான்.

மலிவு என்ற ஒரு அளவுகோலில் இதை மிஞ்ச ஆளில்லை. குறை என்னவென்றால் இத்தகைய வாயு உலகில் கொஞ்சம்தான் இருக்கிறது. எத்தனால், அமோனியா, எரிவாயுச் சுத்திகரிப்பு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்னொன்று, ஆலைகள் சிறியவை, சிதறிக் கிடப்பவை. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பல எத்தனால் ஆலைகளை ஒரே குழாயில் இணைக்கும் பெருந்திட்டம் விவசாயிகளின் எதிர்ப்பில் மாட்டிக்கொண்டது. 2025 மார்ச்சில் தெற்கு டகோட்டா மாநிலம், இப்படிப்பட்ட குழாய்க்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. பிடிக்க 20 டாலர் என்று கணக்குப் போட்டவர்கள் நிலத்துக்காரரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குழாய் பற்றிய பயம் வெறும் பயமும் இல்லை. 2020 பிப்ரவரி 22 மாலை மிசிசிப்பி மாநிலத்தின் சதார்ட்டியா கிராமத்தின் அருகே மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் ஒன்று உடைந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். தப்பி ஓட வண்டியை எடுத்தவர்களின் இன்ஜின்கள் ஆக்சிஜன் இல்லாமல் பாதி வழியில் நின்றுவிட்டன. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். குழாய்ச் செலவில் கை வைப்பதாக இருந்தால் பாதையிலும் கண்காணிப்பிலும் கை வைக்கக் கூடாது.

சுத்தமான வாயு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டத்தைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. பாரோ தீவில் அதே ஸ்லெய்ப்னர் வகை வேலை: எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்த வாயு, 310 கோடி ஆஸ்திரேலிய டாலர், ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை இறக்கத் திட்டம். 2019 ஆகஸ்டில்தான் தொடங்க முடிந்தது. வாயுவை இறக்க இறக்கப் பாறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதைத் தணிக்க அங்கிருந்து உப்புநீரை வெளியே எடுத்து வேறு அடுக்கில் விட வேண்டும். அந்த நீர்க் கிணறுகள் மணலால் அடைபட்டன. 2023-24 நிதியாண்டில் இறங்கியது சுமார் 16 லட்சம் டன்தான். மேலே எல்லாம் மலிவு, கீழே பாறை வாங்கிக்கொள்ளவில்லை. கட்டிய பணத்தைப் பாதிக்கும் குறைவான டன்களால் வகுத்துப் பாருங்கள்.

நார்வேயின் ஸ்னோவிட் எரிவாயு வயலிலும் இதே அழுத்தப் பிரச்சினை வந்தது. அங்கே 2011இல் வேறொரு அடுக்குக்கு மாற்றிக்கொண்டு தப்பித்தார்கள். மாற்று அடுக்கு ஒன்று கைவசம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். டிகேட்டரில் பிறகு தொடர்ந்த பணியும் முழுக்கச் சுகமாகப் போகவில்லை: 2024இல் கண்காணிப்புக் கிணறு ஒன்று அரித்துப்போய், அனுமதி இல்லாத அடுக்குக்குள் திரவம் கசிந்தது தெரிந்து, வாயு இறக்குவதை நிறுத்தி வைத்தார்கள்.

எண்ணெய்க்காரரிடம் விற்பது

வயதான எண்ணெய் வயலில் கரியமில வாயுவைச் செலுத்தினால் பாறையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் இளகி வெளியே வரும். வாயுவின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே புதைக்கப் பணம் கொடுப்பதற்குப் பதில் பணம் வாங்கலாம். செலவைக் குறைக்க இதைவிட நேரான வழி காகிதத்தில் கிடையாது. பெட்ரா நோவா அப்படித்தான் நின்றது: சுமார் 100 கோடி டாலர் முதலீடு, ஆண்டுக்கு 14 லட்சம் டன் திறன், 130 கிலோமீட்டர் தள்ளி இருந்த எண்ணெய் வயலுக்குக் குழாய்.

2020இல் எண்ணெய் விலை விழுந்தது. மே மாதம் பிடிப்பை நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2023 செப்டம்பரில். மூன்று ஆண்டுக்கு மேல் 100 கோடி டாலர் சும்மா நின்றது. மேலே போட்ட கணக்கில் ஆலை ஓடாத நாளுக்கு என்ன விலை என்று பார்த்தோமே, இது அதன் உச்சம். வருமானம் வருகிற வழியே ஆலையை நிறுத்துகிற வழியாகவும் இருக்கிறது. வெளியே வரும் எண்ணெயும் எரியத்தான் போகிறது என்பது தனி வழக்கு.

வாயுவைப் பிடிப்பவருக்கான அமெரிக்க வரிச் சலுகையில் 2022 சட்டம் நிரந்தரமாகப் புதைத்தால் டன்னுக்கு 85 டாலர், எண்ணெய் எடுக்கப் பயன்படுத்தினால் 60 டாலர் என்று வேறுபாடு வைத்திருந்தது. 2025இல் இரண்டையும் 85 ஆக்கிவிட்டார்கள். எண்ணெய் வயல்காரர்களுக்கு நல்ல காலம். என் பார்வையில் இது செலவைக் குறைக்கும் வழியே இல்லை, செலவை வேறொருவர் தலையில் தற்காலிகமாக ஏற்றும் வழி.

ஒரு கிணறு, பல ஆலைகள்

இதுவரை பார்த்த திட்டங்கள் பலவற்றில் ஒரு ஆலை, ஒரு குழாய், ஒரு கிணறு. ஆலை நின்றால் கிணறு வேலையற்றுக் கிடக்கும். கிணறு மக்கர் செய்தால் ஆலை நிற்கும். வங்கிக்காரர் இதைப் பார்த்துத்தான் வட்டியை ஏற்றுகிறார். சிமெண்ட் நிறுவனத்துக்குச் சுண்ணாம்புக்கல் தெரியும், 2,600 மீட்டர் ஆழத்துப் பாறை தெரியாது. தெரியாத அபாயத்தை அவர் தலையில் கட்டினால் அவர் திட்டத்தையே கைவிடுவார்.

நார்வே இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்குப் பிடிக்கிறது. நார்தர்ன் லைட்ஸ் என்ற பொதுச் சேமிப்புத் திட்டத்தில் ஈக்வினார், ஷெல், டோட்டல்எனர்ஜீஸ் என்ற மூன்று எண்ணெய் நிறுவனங்களும் கூட்டு. எய்காரன் கரையில் தொட்டிகள். அங்கிருந்து 100 கிலோமீட்டர் கடலடிக் குழாய். கடல் தரைக்கு 2,600 மீட்டர் கீழே மணற்பாறை. பிடிப்பவர் தன் துறைமுகத்தில் திரவமாக்கிக் கொடுத்தால் போதும். 7,500 கன மீட்டர் கொள்ளும் கப்பல் வந்து எடுத்துப்போகும். வாயுவை மைனஸ் 26 டிகிரி, 15 பார் என்ற நிலையில் கொண்டுபோகிறார்கள். முதல் கட்டத் திறன் ஆண்டுக்கு 15 லட்சம் டன். முதல் வாயு 2025 ஆகஸ்டில் கீழே இறங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது குழாய். முதல் கட்டத்துக்கு 15 லட்சம் டன்னே போதும் என்றாலும், குழாயை 50 லட்சம் டன் போகும்படி போட்டார்கள். குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதில் போகும் அளவு ஐந்து மடங்குக்கு மேல் ஏறும். எஃகுச் செலவு கூடும்தான், ஆனால் கடலில் கப்பலை நிறுத்திக் குழாய் இறக்கும் கூலி அந்த அளவுக்கு ஏறாது. 2025 மார்ச்சில் இரண்டாம் கட்டத்துக்கு முடிவெடுத்தபோது புதுக் குழாய் தேவைப்படவில்லை. தொட்டி, பம்ப், கிணறு, கப்பல் ஆகியவற்றைக் கூட்டினால் போதும் என்று ஆயிற்று. ஸ்டாக்ஹோமின் உயிரி எரிபொருள் ஆலை ஆண்டுக்கு 9 லட்சம் டன் தருவதாகக் கையெழுத்திட்டதுதான் அந்த முடிவுக்கு வழி செய்தது. சுவீடன்காரர் கிணறு தோண்டவில்லை, இடம் வாடகைக்கு எடுத்தார்.

ஆனால் முதல் கிணற்றை யார் தோண்டுவது? நார்வே அரசு தோண்டியது என்றே சொல்லலாம். 2020இல் அறிவித்தபோது பிடிப்பு, கப்பல், சேமிப்பு, பத்தாண்டு ஓட்டும் செலவு எல்லாம் சேர்த்து 2,510 கோடி குரோனர். அதில் 1,680 கோடி அரசு ஏற்றது. எண்ணெய்ப் பணம் இருக்கிறது, செய்கிறார்கள் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனாலும் அந்தப் பணம் வாங்கியது அபாயக் குறைப்பை. ஆஸ்லோ நகரின் குப்பை எரிப்பு ஆலை செலவு கைமீறிப் போனதால் 2023இல் தன் பிடிப்புத் திட்டத்தை நிறுத்தி வைத்து, மறுவடிவமைப்புச் செய்து 2025இல் மறுபடி எடுத்தது. இடையில் சேமிப்புத் திட்டம் அதற்காகக் காத்து நிற்கவில்லை, வேறு வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொண்டது. தனித்தனிச் சங்கிலியாக இருந்திருந்தால் அந்த ஒரு நிறுத்தத்திலேயே எல்லாம் முறிந்திருக்கும்.

அந்தத் திட்டத்தின் முதல் வாடிக்கையாளரான பிரெவிக் சிமெண்ட் ஆலையிலும் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கிறார்கள். அது ஆலை விடுவதில் பாதிதான். ஏன் பாதி? சூளையிலிருந்து வீணாகப் போகும் வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும். மீதிப் பாதிக்குப் புதிதாகக் கொதிகலன் போட்டால் டன் விலை எகிறும். "90 சதவீதம் பிடிக்கிறோம்" என்று மார்தட்டுவதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் போர்தோஸ் திட்டமும் இதே வகை. அது காலியான எரிவாயு வயலைப் பயன்படுத்துகிறது, கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பழைய மேடை, தெரிந்த பாறை என்பதால் தேடும் செலவு மிச்சம். பழைய கிணறுகளை மறுபடி அடைத்து உறுதி செய்யும் செலவு கூடுதல்.

காற்றிலிருந்து நேரடியாகப் பிடிப்பதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம். ஐஸ்லாந்தின் ஓர்கா ஆலையின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். அது வேறு தேவைக்கான வேறு கருவி. புகைபோக்கிகள் திறந்து கிடக்கும் வரை அதைச் செலவுக் குறைப்பு என்று பேசுவதில் பொருளில்லை.

நம் பக்கத்தில்

தூத்துக்குடியில் சோடா உப்பு ஆலை ஒன்று நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் ஏற்பாட்டை 2016இல் தொடங்கியது. மானியம் இல்லாமல், டன்னுக்கு 30 டாலர் என்று சொன்னதால் உலகச் செய்தி ஆனது. கரைசல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்துடையது. பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனால் அந்த 30 டாலரைப் புதைக்கும் செலவோடு ஒப்பிடக் கூடாது. அங்கே வாயு மண்ணுக்குள் போகவில்லை, சோடா உப்பாகிறது; 100 பார் அழுத்தமும் குழாயும் கிணறும் அந்தக் கணக்கில் இல்லை. வாயுவை வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவருக்குத் தானே பிடிப்பது லாபம், அதனால் கட்டுப்படியானது. சோடா உப்பை எவ்வளவு பேர் வாங்குவார்களோ அவ்வளவுதான் இந்த வழியின் எல்லை.

தமிழ்நாட்டில் புதைப்பது பற்றி யோசிக்க வேண்டிய இடம் அரியலூர். சிமெண்ட் ஆலைகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது வரும் கரியமில வாயுவை எரிபொருளை மாற்றித் தவிர்க்க முடியாது, பக்கத்திலேயே காவிரிப் படுகையின் படிவுப் பாறைகள். ஆனால் டெல்டா மாவட்டங்கள் 2020 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கவே தடை என்னும்போது, வாயுவை இறக்கக் கிணறு போடுகிறோம் என்று ஒரு கிராமத்தில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எதிர்ப்பும் செலவுதான், தெற்கு டகோட்டாவில் பார்த்தது போல. எனவே கடலடிப் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: நில அதிர்வு அளவீடு, ஒரு சோதனைக் கிணறு, பாறை எவ்வளவு வேகத்தில் எவ்வளவு வாங்குகிறது என்ற அழுத்தச் சோதனை. நார்வேயும் 2020 தொடக்கத்தில் ஒரு சோதனைக் கிணறு தோண்டி மாதிரி எடுத்த பிறகுதான் கட்டத் தொடங்கியது. அந்தச் சோதனையின் முடிவு கையில் வராமல், எந்தச் சிமெண்ட் ஆலையிலும் பிடிப்புக் கோபுரம் கட்டுவதற்கு மானியம் கொடு என்று நான் பரிந்துரைக்க மாட்டேன், கரைசல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி.